ஆளில்லாத் தீவு என்று எழுதினார்கள்: சாகோஸ் மக்கள் வெளியேற்றப்பட்ட கதை

2021 அக்டோபர் தொடக்கத்தில் 89 இலங்கைத் தமிழரோடு கனடாவுக்குப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு, இந்து சமுத்திரத்தின் நடுவில் பழுதாகித் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பிரித்தானியக் கடற்படை அந்தப் படகை மீட்டு, சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுபோனது. படகைத் திருத்திக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்து இறங்கியவர்களில் அறுபது பேர் அளவில், பிள்ளைகளும் உட்பட, மூன்று ஆண்டுகள் அங்கேயே கிடந்தார்கள். காவல் போட்ட வேலிக்குள் கூடாரங்கள். கூடாரங்களுக்குள் எலி. உண்ணாவிரதங்களும் தற்கொலை முயற்சிகளும் நடந்ததாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

அப்போது யாழ்ப்பாணத்தில் பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான். அது பிரித்தானியா ஆளும் மண் என்றால், லண்டனில் போய் அகதி அந்தஸ்துக் கேட்பதுபோல அங்கேயும் கேட்கலாம்தானே? கேட்க முடியாது என்பதே பிரித்தானிய அரசின் பதிலாக இருந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் பிரித்தானியா கையெழுத்திட்டிருக்கிறது, ஆனால் அந்தச் சமவாயம் இந்த ஆள்புலத்துக்கு நீட்டப்படவில்லை என்றார்கள். மனித உரிமை உடன்படிக்கைகள் விடயத்திலும் அதே நிலைப்பாடுதான். நிரந்தரக் குடிமக்களே இல்லாத இடம், அதனால் அவை அங்கே தேவையில்லை.

நிரந்தரக் குடிமக்கள் இல்லை என்பது அந்தத் தீவின் இயல்பு அல்ல. அது ஆட்களைக் கப்பலில் ஏற்றி உண்டாக்கிய நிலை. நம் சனம் போய் மாட்டிக்கொண்ட அந்தச் சட்ட வெற்றிடம் 1965க்கும் 1973க்கும் இடையில், வேறொரு மக்கள் கூட்டத்தை அவர்களின் ஊரிலிருந்து துரத்துவதற்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. அந்த மக்களைப் பற்றித் தமிழில் நாம் பேசியது மிகக் குறைவு. பேச வேண்டிய காரணங்களோ நமக்கு நிறைய இருக்கின்றன.

சாகோஸ் என்பது அறுபதுக்கும் மேற்பட்ட சிறு பவளத் தீவுகளின் கூட்டம். மாலைதீவுக்குத் தெற்கே, யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 2000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இவற்றில் பெரியது டியாகோ கார்சியா. அதற்கு வடக்கே பெரோஸ் பானோஸ், சலமோன் என்ற இரண்டு வளையத் தீவுக் கூட்டங்களிலும் மக்கள் வாழ்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மொறீசியஸிலிருந்து வந்த பிரெஞ்சு முதலாளிகள், மடகாஸ்கரிலிருந்தும் ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் பிடித்துவந்த அடிமைகளை இறக்கித் தென்னந்தோட்டம் போட்டார்கள். 1814இல் தீவுகள் பிரித்தானியர் கைக்குப் போயின. 1830களில் அடிமைமுறை சட்டப்படி முடிந்த பிறகு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களும் வந்து சேர்ந்தார்கள், அவர்களில் தென்னிந்தியர்களும் இருந்தார்கள். ஆக, அந்த மக்களின் இரத்தத்தில் நம் பக்கத்துப் பங்கும் கொஞ்சம் உண்டு.

தேங்காய்தான் அங்கே எல்லாம். ஆண்கள் உரிப்பார்கள், பெண்கள் உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். கொப்பரா காய்ந்து எண்ணெயாகி மொறீசியஸுக்குப் போகும். எண்ணெய்த் தீவுகள் என்றே அவற்றுக்குப் பெயர் இருந்தது. நாளுக்கு இத்தனை தேங்காய் என்று கணக்கு, அதை முடித்துவிட்டால் மிச்சப் பொழுது அவரவர் பாடு. மீன் பிடிப்பார்கள், கோழியும் பன்றியும் வளர்ப்பார்கள், சின்னத் தோட்டம் செய்வார்கள். கூலி மிகக் குறைவு, அதோடு அரிசி போன்ற சாமான்கள் பங்கீடாகக் கிடைக்கும். கோழியையும் மீனையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்யும் கறி அவர்களின் அடையாளமாகவே இன்றுவரை இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து பிறந்த ஒரு கிரியோல் மொழி, சேகா என்ற பாட்டும் ஆட்டமும், கத்தோலிக்கக் கோவில், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், பெரியவர்களுக்குச் சவக்காலை. ஐந்தாறு தலைமுறையாக ஒரே மண்ணில் பிறந்து அதே மண்ணில் புதைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். தோட்ட முதலாளியின் அதிகாரம் கடுமையாகத்தான் இருந்தது, அதை மறைத்து அந்த வாழ்க்கையைச் சொர்க்கம் ஆக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு முழுச் சமூகம். அவர்களிடம் இல்லாமல் போனது காணி உறுதி மட்டும்தான், ஏனென்றால் காணியெல்லாம் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருந்தது.

1960களில் அமெரிக்காவுக்கு இந்து சமுத்திரத்தின் நடுவில் ஒரு தளம் தேவைப்பட்டது. காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம். விடுதலை பெற்ற நாடு எந்த நேரமும் தளத்தை எடு என்று சொல்லலாம். இலங்கையிலேயே அது நடந்திருந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் 1957இல் பிரித்தானியர் கையளித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தத் தலைவலி வராத, மக்கள் இல்லாத அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய தீவு ஒன்றைத் தேடினார்கள்.

அப்போது சாகோஸ் மொறீசியஸோடு சேர்ந்து ஆளப்பட்டது. மொறீசியஸ் விடுதலைக்கான பேச்சு 1965 செப்டெம்பரில் லண்டனில் நடந்தபோது, தீவுகளைப் பிரித்துக் கொடுக்க ஒப்புக்கொள்ளுமாறு அதன் தலைவர்கள் நெருக்கப்பட்டார்கள். நட்டஈடாக 30 இலட்சம் பவுண் பேசப்பட்டது. நவம்பர் 8ஆம் திகதி ஓர் அரசாணை மூலம் பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம் என்ற புதிய காலனி பிறந்தது. உலகம் முழுக்கக் காலனிகள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் புதிதாக ஒரு காலனியை உண்டாக்கினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் வந்தது, 50 ஆண்டுகள், தேவைப்பட்டால் மேலும் 20. வாடகை என்று வெளியே ஒன்றும் இல்லை. உள்ளே, அமெரிக்காவிடமிருந்து பிரித்தானியா வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் 140 இலட்சம் டொலர் கழித்துக்கொள்ளப்பட்டது, அது பாராளுமன்றத்துக்குச் சொல்லப்படவில்லை.

சரி, அங்கே இருந்த மக்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை லண்டன் அதிகாரிகளின் சொந்தக் கோப்புகளிலேயே இன்று வாசிக்கலாம். ஐ.நா. சாசனத்தின் 73ஆம் உறுப்புரையின்படி, தன்னாட்சி இல்லாத மக்களை ஆளும் நாடு அவர்களின் நலனுக்குப் பொறுப்பு, ஐ.நா.வுக்கு அறிக்கையும் கொடுக்க வேண்டும். மக்களே இல்லை என்றால் அறிக்கையும் இல்லை, பொறுப்பும் இல்லை. 1966 ஓகஸ்டில் வெளியுறவு அலுவலகத்தின் தலைமை அதிகாரி போல் கோர்-பூத், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வீகக் குடி எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதினார். அதற்குக் கீழே டெனிஸ் கிரீன்ஹில் என்ற அதிகாரி, பறவைகளோடு சில டார்சன்களும் ஃபிரைடேக்களும் (கதைகளில் வரும் காட்டு மனிதர்கள்) இருக்கிறார்கள், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது தெளிவில்லை, மொறீசியஸ் தலையில் கட்டிவிடலாம் என்று நம்புகிறோம் என்ற பொருளில் எழுதினார். 1970இல் ஒரு சட்ட ஆலோசகர், அவர்கள் நிரந்தரக் குடிகள் அல்ல என்ற கற்பனையைத் தொடர்ந்து பேணுவது எப்படி என்று தலைப்புப் போட்டே குறிப்பு எழுதினார். கற்பனை என்று தெரிந்துகொண்டே செய்த வேலை அது.

அந்தக் கற்பனைக்கு அவர்கள் பிடித்த கருவி, ஒப்பந்தத் தொழிலாளர் என்ற முத்திரை. தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்கள், வேலை முடிந்தால் போக வேண்டியவர்கள். இதை வாசிக்கும்போது இலங்கைத் தமிழர் யாருக்கும் மலையகம் நினைவுக்கு வந்தே தீரும். 1948இன் குடியுரிமைச் சட்டம் அங்கே நூறாண்டுக்கு மேல் உழைத்த சனத்தை ஒரே அடியில் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது, மிச்சப் பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. இரண்டு அரசுகள் பேசின, பேசப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து லண்டனில் நடந்ததும் அதே கணக்கு. கூலியாகக் கொண்டுவரப்பட்டவரின் பேரப்பிள்ளையும் கூலிதான், ஊர்க்காரர் ஆக மாட்டார் என்ற எண்ணம் பேரரசின் தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே வேலை செய்திருக்கிறது.

வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் 1967இல் பிரித்தானிய அரசு தோட்டங்களை 6 இலட்சத்து 60 ஆயிரம் பவுணுக்கு வாங்கியது. பிறகு போனவர்களைத் திரும்ப விடாமல் நிறுத்தியது. மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொறீசியஸ் போன தீவுக்காரர், திரும்பிப் போகத் துறைமுகத்துக்கு வந்தால், தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தாய், பிள்ளையோடு குறிகட்டுவானுக்குத் திரும்பி வந்தபோது, உங்கள் ஊருக்கு இனி எப்போதும் படகு இல்லை என்று கேட்பதாக நினைத்துப் பாருங்கள். கட்டிய உடுப்போடு நிற்பார். வீட்டில் கோழி இருக்கும், அடுப்படியில் பானை இருக்கும், உறவுகள் அங்கே இருப்பார்கள்.

பெரோஸ் பானோஸைச் சேர்ந்த பன்கூல் குடும்பத்துக்கு 1968இல் நடந்தது இதுதான். நோயெல்லி என்ற சிறுமியின் காலில் வண்டிச் சக்கரம் ஏறியது. தீவில் வைத்தியம் போதவில்லை, தாய் ரீட்டாவும் தகப்பனும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொறீசியஸ் போனார்கள். சிறுமி அங்கே இறந்துபோனாள். அடக்கம் முடிந்து ஊருக்குப் போகக் கப்பல் கேட்டபோதுதான் ஊர் மூடப்பட்ட செய்தி அவர்களுக்குத் தெரிந்தது. அதைக் கேட்ட தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது நான்கு வயதாக இருந்த மகன் ஒலிவியர் பன்கூல், பின்னாளில் மின்தொழிலாளியாகி, சாகோஸ் அகதிகள் அமைப்பின் தலைவராகி, பிரித்தானிய அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தார்.

தீவில் மிஞ்சியிருந்தவர்களுக்குச் சாமான் கப்பல்கள் குறைக்கப்பட்டன. மருந்தும் மாவும் வரவில்லை. ஆசிரியர், தாதி என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1971இல் குடிவரவுச் சட்டம் ஒன்று போட்டு, அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் இருப்பதே குற்றம் ஆக்கப்பட்டது. அதே ஆண்டு டியாகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத்தினர் கட்டுமான வேலையைத் தொடங்கினார்கள். அங்கே வீட்டுக்கு வீடு நாய் இருந்தது, மீன்பிடிக்கவும் துணைக்கும் வளர்த்தவை. அவற்றைச் சுட்டுப் பார்த்தார்கள், நஞ்சு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொப்பரா காயவைக்கும் கொட்டிலுக்குள் இறைச்சி போட்டு உள்ளே அழைத்து, கதவை மூடி, இராணுவ வாகனங்களின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள் என்று சொல்லப்படுகிறது. அதற்குக் கட்டளையிட்டவர் சீசெல்ஸ் ஆளுநர் சேர் புரூஸ் கிரேட்பாட்ச். கப்பலுக்குக் காத்திருந்த மக்கள், பிள்ளைகள் உட்பட, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாங்களா என்ற பயம் வந்தது என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மறக்க முடியாமல் நிற்கும் இடம் இதுதான். சொல் ஒன்றும் சொல்லாமலே சனத்துக்கு விளங்க வைத்துவிட்டார்கள்.

டியாகோ கார்சியா 1971 அக்டோபருக்குள் காலியானது. சலமோன் 1972இல், பெரோஸ் பானோஸ் 1973இல். நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் கொள்ளக்கூடியதைவிட அதிகமாக ஆட்களை ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி. தோட்டத்துக் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் கிடைத்தது, பெண்களும் பிள்ளைகளும் சரக்கின் மேல் படுத்தார்கள். பெரோஸ் பானோஸிலிருந்து கடைசியாக ஏற்றப்பட்டவர்களில் ஒருவர் லிஸ்பி எலிஸே. அப்போது இருபது வயது, நான்கு மாதக் கர்ப்பிணி. 2018இல் சர்வதேச நீதிமன்றத்தின் முன் காணொளியில் அவர் சாட்சி சொன்னார். இருட்டில் ஏற்றினார்கள், மிருகங்கள்போல, அடிமைகள்போல அந்தக் கப்பலில் இருந்தோம், மொறீசியஸில் பிறந்த என் பிள்ளை இறந்துபோனது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் மொத்தம் 1500இலிருந்து 2000 பேர் வரை. மொறீசியஸிலும் சீசெல்ஸிலும் இறக்கிவிடப்பட்ட அவர்களுக்கு வீடும் இல்லை, தென்னையைத் தவிர வேறு வேலையும் தெரியாது. போர்ட் லூயி நகரத்தின் சேரிகளில் ஒதுங்கினார்கள். பிரித்தானியா 1972இல் மொறீசியஸ் அரசிடம் 6 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் கொடுத்தது, அது மக்கள் கைக்கு வர 1978 ஆனது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கியிருந்தன.

போராட்டத்தைத் தொடக்கியவர்கள் பெண்கள். சார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத், ரீட்டா பன்கூல் போன்றவர்கள் வீதியில் இருந்து உண்ணாவிரதம் செய்தார்கள், பொலிஸிடம் அடி வாங்கினார்கள், மறியலுக்கும் போனார்கள். அதன் பலனாக 1982இல் 40 இலட்சம் பவுண் இழப்பீடு வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. ஆங்கிலத்தில் சட்டமொழியில் எழுதிய தாள், கிரியோல் மட்டும் பேசும், வாசிக்கத் தெரியாத மக்கள் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது அவர்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. சீசெல்ஸில் இறக்கப்பட்டவர்களுக்கு அந்தக் காசும் கிடைக்கவில்லை.

நீதிமன்றக் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 நவம்பர் 3இல் லண்டன் உயர் நீதிமன்றம் 1971இன் குடிவரவுச் சட்டம் செல்லாது என்றது. அரசு ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அப்புறம் 2004 ஜூனில், பாராளுமன்றத்துக்கே போகாமல், அரசியாரின் தனியுரிமை அதிகாரத்தின் கீழ் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்து, அங்கே வசிக்கும் உரிமை எவருக்கும் கிடையாது என்று திரும்பப் பூட்டியது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதைத் தவறு என்றன, 2008இல், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. 2010இல் இன்னொரு பூட்டு வந்தது, தீவுகளைச் சுற்றி மீன்பிடிக்க முடியாத பிரமாண்டமான கடல் பாதுகாப்பு வலயம். சூழலைக் காப்பது நல்ல விடயம்தானே என்று யாரும் கேட்கலாம். ஆனால் கசிந்த அமெரிக்கத் தூதரகத் தந்தி ஒன்றில், இந்த வலயம் வந்தால் முன்னாள் குடிகள் திரும்பக் கேட்பது கடினமாகும் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் 2009இலேயே விளக்கியிருந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 2015 மார்ச்சில், அந்த வலயம் கடற்சட்டத்துக்கு முரணானது என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

காரணம் மாறிக்கொண்டே இருந்ததைக் கவனியுங்கள். முதலில் மக்களே இல்லை என்றார்கள். பிறகு பாதுகாப்பு. பிறகு பவளப்பாறையும் ஆமையும். பிறகு செலவு, கடல்மட்ட உயர்வு. டியாகோ கார்சியாவிலோ ஆயிரக்கணக்கான படையினரும், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து வந்த ஒப்பந்தப் பணியாளர்களும் வசிக்கிறார்கள், விளையாட்டுக் கூடங்கள் உட்படச் சகல வசதிகளும் அங்கே இருக்கின்றன. வாழ முடியாத இடம் என்ற வாதம் அந்த மண்ணின் மக்களுக்கு மட்டும் சொல்லப்பட்டது. மீள்குடியேற்றம் சாத்தியம் என்று அரசே செய்வித்த ஆய்வு 2015இல் சொன்ன பிறகும், 2016 நவம்பரில் மறுப்பே வந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவருக்கு எதுவும் புதிதாக இருக்காது. வலிகாமம் வடக்குச் சனம் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தது, மயிலிட்டித் துறைமுகத்தைத் திரும்பப் பார்க்க 2017 ஜூலை ஆனது. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடும் கோவிலும் இருந்தவர்கள் நலன்புரி முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் கலியாணமும் செய்து வைத்தார்கள். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடக்கில் 5900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அது அரச காணி ஆகும் என்றது. போரில் உறுதி எரிந்தவர், வெளிநாட்டில் இருப்பவர், சுனாமியில் பெட்டியோடு இழந்தவர் எப்படி நிரூபிப்பார்? எதிர்ப்பு வந்து, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகே அது நின்றது. தாள் இல்லாதவர் ஆளே இல்லை என்ற அந்த நியாயம் சாகோஸில் ஒரு மக்களையே விழுங்கியது.

கிட்டத்தில் உள்ள உதாரணம் இரணைதீவு. பூநகரிப் பக்கத்துக் கடலில் இருக்கும் இரட்டைத் தீவு. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் 1992இல் போர் காரணமாக வெளியேறி முழங்காவில் பக்கம் இரணைமாதாநகரில் இருந்தன. போர் முடிந்த பிறகும் கடற்படை அங்கே இருந்தது. தொழிலுக்குப் போகலாம், இரவில் தங்கக் கூடாது. 2017 மே முதல் ஏறத்தாழ ஓராண்டு பந்தல் போட்டு இருந்து பார்த்தார்கள். பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில், பெண்களும் குருமாரும் முன்னுக்கு நிற்க, நேரே போய் இறங்கிவிட்டார்கள். இடிந்த கோவிலுக்குள் செபம் சொல்லி அங்கேயே தங்கினார்கள். அரசு பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சாகோஸ் மக்களுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. இரணைதீவுக்கு வள்ளத்தில் போய்விடலாம், அங்கே போகப் பெருங்கடலைத் தாண்ட வேண்டும். தூரம் ஒரு சிறைச்சுவராக வேலை செய்தது.

வெளியேற்றத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும்போது 1990 அக்டோபர் 30ஐத் தாண்டிப் போகக் கூடாது. சோனகத்தெரு முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் காசும் பறிக்கப்பட்டு, கையில் சொற்பத்தோடு போனார்கள். வடக்கு முழுக்க ஏறத்தாழ 75 ஆயிரம் பேர், பெரும்பாலும் புத்தளத்தில் முகாம்களில். அப்போதும் பாதுகாப்புத்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. திரும்பி வந்தபோது பதிவில் பெயர் இல்லை, ஊரில் வசித்ததற்கு ஆதாரம் எங்கே என்று அலுவலகங்களில் கேட்கப்பட்டவர்கள் அவர்கள். நமக்கு நடந்ததை மட்டும் சொல்லி, நம் ஊரில் நடந்ததை விட்டுவிட்டால், சாகோஸ் மக்களுக்காகப் பேசும் நம் குரலில் பாதி இருக்காது.

2019 பெப்ரவரி 25இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. மொறீசியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமையடையவில்லை, பிரித்தானியா தன் நிருவாகத்தை இயன்றளவு விரைவாக முடிக்க வேண்டும். 13 நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. மூன்று மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை 116 வாக்குகளால் அதை வழிமொழிந்தது, எதிர்த்தவை 6 நாடுகள். 2022 பெப்ரவரியில் மொறீசியஸ் அனுப்பிய கப்பலில் பன்கூலும் வேறு சில தீவுக்காரரும் பிரித்தானியக் காவல் இல்லாமல் முதன்முறையாகப் பெரோஸ் பானோஸில் கால் வைத்தார்கள். கூரை போன கோவிலைச் சுற்றிப் பற்றை வெட்டினார்கள், கல்லறைகளைத் துப்புரவு செய்தார்கள்.

அந்த நேரம் டியாகோ கார்சியா முகாமில் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களின் வழக்கில் அந்த ஆள்புலத்தின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 16இல் தீர்ப்புச் சொன்னது. மூன்று ஆண்டுகளாகச் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள், பெயரில்தான் சிறை இல்லை, மற்றபடி அது சிறையேதான் என்றார் நீதிபதி மார்கரெட் ஓபி. அந்தத் தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்புதான் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மக்கள் இல்லை என்று அறுபதுகளில் எழுதிய தாள் 2021இல் பயனுள்ளதாக இருந்தது, ஆட்கள்தான் வேறு. அங்கே உரிமையுள்ள ஒரு சமூகம் இருந்திருந்தால், அதற்கு நீதிமன்றமும் சட்டமும் வழக்கறிஞரும் இருந்திருப்பார்கள், கரையொதுங்கிய தமிழருக்கும் அதில் ஓர் ஓரம் கிடைத்திருக்கும்.

2024 அக்டோபர் 3இல் பிரித்தானியாவும் மொறீசியஸும் உடன்பாடு கண்டதாக அறிவித்தன, ஒப்பந்தம் 2025 மே 22இல் கையெழுத்தானது. அதன்படி இறைமை மொறீசியஸுக்கு. டியாகோ கார்சியா 99 ஆண்டு குத்தகைக்குத் தளமாகவே தொடரும், அதற்குப் பிரித்தானியா ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 இலட்சம் பவுண் கொடுக்கும். தீவு மக்களுக்கென 4 கோடி பவுணில் ஒரு நிதியம். டியாகோ கார்சியா தவிர்ந்த தீவுகளில் மொறீசியஸ் மீள்குடியேற்றம் செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. செய்ய வேண்டும் என்று எழுதவில்லை.

சாகோஸ் மக்கள் இதில் ஒரே கருத்தாக இல்லை. பன்கூல் வரவேற்றார், மொறீசியஸில் இருக்கும் பலர் அவரோடு நிற்கிறார்கள். லண்டனுக்குத் தெற்கே குரோலி நகரத்தில் குடியேறியவர்களில் பலருக்கு மொறீசியஸ் மேல் நம்பிக்கை இல்லை. தங்களை ஐம்பது வருடம் சேரியில் வைத்த அரசிடம் ஊரைக் கொடுப்பதா என்று கேட்கிறார்கள். டியாகோ கார்சியாவில் பிறந்த பேர்னடெட் துகாஸ், பெர்ட்ரிஸ் பொம்ப் என்ற இரு பெண்கள் கையெழுத்து நாளன்று விடியப்புறமே லண்டனில் தடையுத்தரவு எடுத்தார்கள். சில மணி நேரத்தில் நீதிமன்றம் அதை நீக்கியது, அன்றே கையெழுத்தும் நடந்தது. இந்த இரண்டு பக்கத்தையும் வைத்து அந்த மக்களைப் பிளவுபட்டவர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. வேறு வேறு நாட்டில் கொண்டுபோய் எறியப்பட்ட மக்கள் வேறு வேறு மாதிரி யோசிப்பதில் வியப்பு என்ன இருக்கிறது? அவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. 1965இலும், 1982இலும், 2025இலும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

பெரோஸ் பானோஸிலும் சலமோனிலும் ஒரு குடும்பம் போய் இருக்க என்னென்ன வேண்டும் என்பது இரணைதீவுக்காரருக்குத் தெரிந்த பட்டியல்தான். நல்ல தண்ணீர், இறங்குதுறை, வைத்தியர், பள்ளிக்கூடம், முறை தவறாத கப்பல். ஐம்பது ஆண்டில் தென்னை காடாகிவிட்டது, வெட்டித் துப்புரவாக்கவே ஆட்கள் வேண்டும். அந்தச் செலவை எந்தக் கணக்கில் போடுவது, முதலில் யார் போவது, பிறந்தவரா பேரப்பிள்ளையா, சீசெல்ஸில் இருப்பவருக்கும் குரோலியில் இருப்பவருக்கும் அதில் இடம் உண்டா, இவை ஒன்றுக்கும் ஒப்பந்தத்தில் விடை இல்லை. தீவில் பிறந்தவர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். லிசெட் தலாத் 2012இலேயே மொறீசியஸில் காலமானார். டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கோ, வடக்கே உள்ள மற்றத் தீவுகளில் வீடு கிடைத்தாலும், தங்கள் சொந்தத் தீவில் குடியிருக்க அந்த ஒப்பந்தப்படி இன்னும் 99 ஆண்டுகளுக்கு அனுமதி இல்லை.